வடநெம்மேலியில் பாம்பு விஷம் எடுக்கும் இடம்: சித்தப்பாவோடு போய் வந்தேன்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இறங்குவது வழக்கம்தான். அதே வளாகத்துக்குள்ளே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்பிலிருந்து விஷம் எடுப்பதை அங்கே நேரில் காட்டுகிறார்கள், அதற்குத் தனி டிக்கெட். முதலை பார்த்துக் களைத்துப் போனவர்கள் பாதிப் பேர் இதை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். நான் இந்த முறை முதலைக்காகப் போகவில்லை, இதற்காகவே போனேன், கூடவே சித்தப்பாவையும் என் மகளையும் அழைத்துப் போனேன்.

சித்தப்பாவை ஏன் அழைத்துப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ல் அவரை நல்ல பாம்பு கடித்தது. எங்கள் ஊர் செய்யூர் பக்கம், நெல்லும் மல்லாட்டையும் போடுகிற ஊர். பொழுது சாய்கிற நேரம், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போரில் கையை விட்டிருக்கிறார், வலது கை ஆள்காட்டி விரலில் கடி. பாம்பு படமெடுத்து நின்றதை அவரே பார்த்திருக்கிறார், அதனால் என்ன பாம்பு என்பதில் சந்தேகமே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் துண்டை முறுக்கி முழங்கைக்கு மேல் இறுகக் கட்டி, பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் பைக்கில் கொண்டு போனார்கள். அவர் பிளேடால் கீறி, எதையோ அரைத்துப் பூசி, வாயில் மிளகு போட்டுக் காரம் தெரிகிறதா என்று கேட்டு, ஒன்றரை மணி நேரத்தைத் தின்றுவிட்டார். அதற்குள் சித்தப்பாவுக்குக் கண் இமை தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது, பேச்சு குழறியது, எச்சிலை விழுங்க முடியவில்லை. அப்புறம் ஒரு தனியார் கிளினிக், அங்கே மருந்து இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரால் ஒரே மூச்சில் பத்து வரைக்கும்கூட எண்ண முடியவில்லை. எண்ணச் சொன்னது அங்கிருந்த டாக்டர். மூச்சுத் தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்க்க அது ஒரு சோதனை என்று எனக்கு அப்போது தெரியாது. 10 வயல் (சின்ன மருந்துக் குப்பி) விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள், தளர்ந்த தசைக்காக நியோஸ்டிக்மின், அதன் பக்கவிளைவைத் தடுக்க அட்ரோபின் என்று ஊசி போட்டார்கள், இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைத்தார். விரல் நுனிச் சதை செத்துப் போய், இரண்டு மாதம் கட்டுப்போட்டு ஆறியது, இன்றும் அந்த விரலை முழுதாக மடக்க வராது.

அந்த 10 வயல் மருந்து எங்கிருந்து தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தபோதுதான், அது நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மண் பானைக்குள்ளிருந்து தொடங்குகிறது என்று தெரிந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன், போவதற்குத்தான் இத்தனை வருஷம் ஆனது.

சரி, இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய கட்டிடம், கண்ணாடிப் பெட்டி, விளக்கு அலங்காரம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பள்ளம், அதைச் சுற்றி நின்று பார்க்க இடம், வாய்க்குத் துணி கட்டிய மண் பானைகள், காக்கி உடையில் இருளர் ஒருவர், கையில் ஒரு கொக்கிக் கம்பி. அவ்வளவுதான். பானைக்குள் மணல் போட்டிருக்கிறார்கள், மேலே கட்டியிருக்கும் பருத்தித் துணி வழியாகக் காற்று போகும், மண் பானை என்பதால் உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும். பாம்புக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வசதி கிடையாது, வெயில் என்றால் வெயிலோடு சூடாகிவிடும், கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தால் சித்திரை வெயிலில் செத்தே போகும். எலி வளைக்குள் எப்படி இருக்குமோ அப்படி ஓர் இருட்டும் குளிர்ச்சியும் இந்தப் பானையில் கிடைக்கிறது.

ஒவ்வொரு பானையாகத் திறந்து காட்டுகிறார்கள். நம் ஊரில் அதிகம் பேரைக் கடித்துக் கொல்வது நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்கிலிருந்தும் இங்கே விஷம் எடுக்கிறார்கள். கண்ணாடி விரியன் பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் போட்டது, சுருட்டை விரியன் உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி ரம்பம் அறுப்பதுபோல் ஓர் ஒலி கொடுத்தது. ஆனால் நல்ல பாம்பு வெளியே வந்ததும் சுற்றி நின்ற கூட்டமே அமைதியாகிவிட்டது. உடம்பின் முன்பகுதியை நிமிர்த்தி, படத்தை விரித்து, அப்படியே நின்றது. கழுத்து விலா எலும்புகள் மற்ற பாம்புகளுக்கு இருப்பதைவிட நீளம், அவற்றைப் பக்கவாட்டில் விரித்துத் தோலை இழுத்துப் பிடிப்பதுதான் படம். படத்தின் முதுகுப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்டது மாதிரி அந்தக் குறி. புத்தகத்தில் நூறு தடவை பார்த்திருந்தாலும் ஆறடித் தள்ளி உயிரோடு நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

சித்தப்பா இரண்டு அடி பின்னால் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அவராகவே முன்னால் வந்து நின்றார்.

அந்த இருளர் அண்ணன் அசையாமல் நின்றார், பாம்பும் அசையவில்லை. அவர் கொக்கியை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார், பாம்பின் தலையும் கூடவே திரும்பியது. "இது மகுடிக்கு ஆடலை, அசையறதைப் பார்க்குது. இதுக்கு வெளிக்காது கிடையாது, தரை அதிர்ந்தா உடம்பால உணரும்" என்றார். "நின்னுட்டா பாம்பும் நிக்கும். காலை வீசினா, குச்சியால குத்தினாத்தான் அது தாக்கும். அதுவும் எடுத்தவுடனே கடிக்காது, சீறும், சில நேரம் வாயை மூடிக்கிட்டு மூஞ்சியால மோதும். போயிடுன்னு சொல்லுது அவ்வளவுதான்." விஷம் அதற்கு எலியையும் தேரையையும் சாய்ப்பதற்கான பொருள், விழுங்க முடியாத மனுஷன்மேல் அதைச் செலவழிப்பது அதற்கு நஷ்டம். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு எச்சரிக்கை பண்ண அதுக்கு நேரமே குடுக்கல, நேரா மூஞ்சியில கையைக் கொண்டுபோய் விட்டேன்" என்றார். கடி பட்டவர் ஒருவர் பாம்பின் பக்கத்து நியாயத்தைச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு விஷம் எடுப்பது. தலையைப் பின்னாலிருந்து பிடிக்கிறார்கள், கையுறை எதுவும் இல்லை, விரல் வைக்கும் இடம் நூலளவு தவறக்கூடாது. கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல்லைப் பொருத்தியதும் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி சில துளி இறங்கியது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தத் துளிகளுக்குள் இருக்கும் சின்னப் புரதங்கள்தான் சித்தப்பாவின் இமையை மூடியவை. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடும், தசையில் அதை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கும். நல்ல பாம்பு விஷம் போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கட்டளை வருகிறது, வாங்க ஆள் இல்லை. முதலில் இமை, அப்புறம் நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு விடும் தசை. மனிதருக்கு நினைவு இருக்கும், காதில் விழும், ஆனால் கண்ணைத் திறக்கவோ பேசவோ முடியாது. சித்தப்பா பின்னால் ஒருநாள் சொன்னார், "நீங்க அழுததெல்லாம் கேட்டுச்சு." அதோடு இந்த விஷத்தில் சதையை அழிக்கும் பொருளும் உண்டு, அவர் விரலைத் தின்றது அதுதான்.

எடுத்த விஷத்தை உறையவைத்து ஈரத்தை உறிஞ்சி, பொடியாக்கி, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி பல வருஷமாக இந்தச் சிறிய இடத்திலிருந்துதான் போகிறது. அந்த நிறுவனங்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்குச் செலுத்துகிறார்கள், குதிரை உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும், ரத்தத்திலிருந்து அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் மருந்து. கரைத்த மருந்து 1 மில்லி, 0.6 மில்லிகிராம் நல்ல பாம்பு விஷத்தைச் செயலிழக்க வைக்கும் என்று கணக்கு. ஒரு வயல் 10 மில்லி, அப்போது 10 வயல் என்றால் 60 மில்லிகிராம். டாக்டர் ஏன் பத்தில் தொடங்கினார் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தைக்கும் இதே அளவுதான், ஏனென்றால் சின்ன உடம்பு என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

ஒரு பாம்பை 21 நாள் வைத்திருக்கிறார்கள், அதற்குள் நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள், பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடும் முன் வயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு குறி வெட்டிவிடுவார்கள், அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் தெரிந்துவிடும், பல தடவை சட்டை உரித்த பிறகு அது மறைந்துவிடும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். உயிரைப் பிடித்துப் பானையில் வைப்பது சரியா என்று என் மகள் கேட்டாள், நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றுவது, இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். இதே இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், பைக்கும் பெல்ட்டுக்கும் லட்சக்கணக்கில் பாம்புகள் செத்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பிறகு தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது பாம்பு பிழைத்தது, இருளர் பிழைப்பு போனது. முதலைப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். கொன்றால் ஒரு தடவை காசு, உயிரோடு விட்டால் விஷமும் கிடைக்கும், வயலில் எலியும் குறையும். இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இவர்கள் பாம்பு தேடும் விதத்தைப் பற்றிக் கேளுங்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். வரப்பில் கிடக்கும் சட்டையைப் பார்த்தே எவ்வளவு நாளைக்கு முன் உரித்தது என்கிறார்கள், வளை வாயில் மண் வழவழப்பாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்கிறார்கள், கையில் ஒரு கடப்பாரைதான் கருவி. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு, அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் வயலில் நடந்து போகும்போது நாம் எத்தனை பேர் இவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன், எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊரில் கேட்டு வளர்ந்த கதைகளை எல்லாம் சித்தப்பா அங்கே வரிசையாகக் கேட்டுவிட்டார். பால் குடிக்குமா? குடிக்காது, தாகத்தில் தவிக்கவிட்டால் எந்த நீரையும் குடிக்கும், பால் செரிக்காது. சாரையும் நல்ல பாம்பும் பிணையுமா? இல்லை, வயலில் பின்னிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பெண்ணுக்காகச் சண்டை. மாணிக்கக் கல்? கிடையாது. பழி வாங்குமா? ஆளை நினைவில் வைத்துத் தேடி வரும் மூளை அதற்கு இல்லை. குட்டியைக் கண்டு பயப்பட வேண்டாமா என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கேட்டார், அதற்கு அந்த இருளர் அண்ணன் சொன்னது எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஒரு சாண் நீளக் குட்டிக்குப் பல்லும் உண்டு, விஷமும் உண்டு. தாய் எலி வளையிலோ கரையான் புற்றிலோ பத்து முதல் முப்பது முட்டை வரை இடும், வெயில் காலத்தில் இட்டால் இரண்டு மாதத்துக்குள் பொரிந்துவிடும். அந்தச் சமயத்தில் வீட்டு வாசலில் சின்னப் பாம்பு தெரிந்தால் வெறும் கையால் எடுத்துப் போட வேண்டாம்.

பச்சிலைக்காரர் எப்படி இத்தனை பேரைப் பிழைக்க வைத்தார் என்று எங்கள் ஊரில் இன்றும் சண்டை நடக்கும். அதற்கும் விடை கிடைத்தது. நம் நாட்டில் 300 வகைக்கு மேல் பாம்பு இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷம் இல்லை, விஷப் பாம்பு கடித்தாலும் சில தடவை விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போய்விடும். அப்படிக் கடி பட்டவர்கள் எதைப் பூசினாலும் பிழைப்பார்கள். விஷம் இறங்கியவர்கள் பச்சிலையோடு சாவார்கள், அந்தச் சாவை யாரும் அவர் கணக்கில் எழுதுவதில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது, வருஷத்துக்குச் சராசரி 58,000. அதில் பெரும்பாலானவர்கள் சித்தப்பா மாதிரி கிராமத்து ஜனங்கள்தான். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை வயல் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும், எனக்கு அது பெரிய நிம்மதி.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது நான்கு பாம்புக்கும் சேர்த்துச் செய்த மருந்து, அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்கிய கதையும் உண்டு. ஆனால் ஒரே இன நல்ல பாம்புக்கும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். நம் பக்கத்து விஷத்தில் செய்த மருந்து, வடகிழக்கில் இருக்கும் வேறு இனமான ஒற்றைக்கண் நாகத்தின் கடிக்கு அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. அந்தந்தப் பகுதியிலும் இப்படி ஓர் இடம் வேண்டும். குதிரையிலிருந்து வருவதால் சிலருக்கு ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் விழும், அதனால் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். இதையெல்லாம் வீட்டில் செய்ய முடியாது.

கடி பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது எழுதி ஒட்டியிருக்கிறேன்: மோதிரம், கயிறு, வாட்ச் கழற்று, கையையோ காலையோ அசையாமல் சிம்பு (மூங்கில் பட்டை, குச்சி மாதிரி) வைத்துத் தளர்வாகக் கட்டு, 108-ஐக் கூப்பிடு, இடையில் எங்கும் நிற்காதே. இறுகக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. ஏற்கெனவே யாராவது இறுகக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உள்ளே போகும். சித்தப்பாவுக்கு மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் துண்டை அவிழ்த்தார்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு பொருளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேர் வாங்குகிறார்கள். பாம்பு விரட்டும் பொடி என்று ஆன்லைனில் விற்ற ஒன்றை அந்த வருஷமே பயத்தில் வாங்கி வீட்டைச் சுற்றிப் போட்டேன். பத்தாம் நாள் அந்தப் பொடி மேலேயே பாம்பு போன தடம் இருந்தது. பூண்டு, பினாயில் எல்லாமும் இப்படித்தான். காசை அதில் போடாமல் ஒரு நல்ல டார்ச்சும் முட்டி வரை வரும் கம்பூட்டும் வாங்குங்கள், எலி வராமல் நெல் மூட்டையை உயரத்தில் வையுங்கள்.

போகிறவர்களுக்கு: சனி ஞாயிறு கூட்டம் அதிகம், வார நாளில் போனால் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். எப்போது காட்டுவார்கள் என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். நாங்கள் போன அன்று சில இளைஞர்கள் பாம்பு படமெடுக்க வேண்டும் என்று கத்திக் கைதட்டி, செல்போனை நீட்டிக்கொண்டு சுவர்மேல் சாய்ந்தார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உள்ளே ஒரு மனிதர் வெறும் கையோடு நிற்கிறார். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், கொடுத்த டிக்கெட் காசு குறைவு என்றுதான் தோன்றியது.

கிளம்பும் முன் சித்தப்பா அந்த அண்ணனிடம் தன் விரலைக் காட்டினார். அவர் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, போர் எங்கே இருக்கிறது, மாட்டுக் கொட்டகைக்கு எவ்வளவு தூரம், எலி இருக்கிறதா என்று கேட்டார். "எலிக்குத்தான் வந்திருக்கும்ணே. கையை விடறதுக்கு முன்னாடி குச்சியால நாலு தட்டு தட்டுங்க, கொஞ்சம் நில்லுங்க, அதுவே போயிடும்" என்றார். ஊருக்குத் திரும்பிய மறுநாளே சித்தப்பா மூங்கில் கழி ஒன்றை வெட்டி வைக்கோல் போர் மேல் சாய்த்து வைத்துவிட்டார். சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும் நேரத்தில் அந்தத் தட்டல் சத்தம் இப்போது எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது.